சுவரில் அவள் என்ன வரைந்தாள்?

கியோட்டோ
ஏப்ரல் 14, 2014

கென்சாகு அவர்களுக்கு,

'அவர்களுக்கு' என்று போட்டிருப்பதைப் பார்த்ததுமே என் கோபம் இன்னும் இறங்கவில்லை என்று உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்திருக்காது. அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்: இறங்கவில்லை.

தங்கை தமாயே வீட்டில் இருக்கிறேன். போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். போனில் உங்களிடமிருந்து வருவது "ம்" ஒன்றுதான். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் "குளிக்கணும்", "சாப்பாடு", "தூங்கப் போறேன்" தவிர என்னிடம் என்ன பேசியிருக்கிறீர்கள்? சொல்ல ஏதாவது இருந்தால் உட்கார்ந்து எழுதுங்கள். முழு வாக்கியமாக எழுதுங்கள்.

நீங்கள் செய்த காரியத்தை உங்களுக்கே எழுதிக் காட்டுகிறேன். குடிநீர் வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த முதல் வாரம் ஃப்ரிட்ஜை அடுக்கினீர்கள், பொறுத்துக்கொண்டேன். மிசோ விழுது டப்பாவுக்கெல்லாம் சீட்டு ஒட்டினீர்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது வாரம் நான் பல் டாக்டரிடம் போய்த் திரும்பினால் வாசலில் கோப்பை ஜெயித்தவர் போல நிற்கிறீர்கள்.

"பார்த்தியா நோபுயோ, ரெண்டு கட்டு! ஒரு கட்டுதான் தருவேன்னான். நான் விடல."

"என்ன ரெண்டு கட்டு?"

"டாய்லெட் பேப்பர். பழைய பேப்பரை வாங்கிட்டு இதைத் தர்ற வண்டி வந்துச்சு. அலமாரியில உன்னோட பொம்மைப் புஸ்தகம் அடைச்சுக் கிடந்துச்சே, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன். இப்ப எவ்வளவு இடம் பாரு."

அந்தப் பொம்மைப் புஸ்தகங்களில் ஒன்று, 'பனிப்பூ' என்ற பெண்கள் சித்திரக்கதை இதழின் 1977 புத்தாண்டு மலர். அதனுடன் வந்த இலவச இணைப்பு முழுக்க ஒரே கதை. வரைந்தவர் பெயர் மினாசே ரூரி. அந்த மினாசே ரூரி நான்தான். என் வாழ்நாளில் அச்சில் வந்த ஒரே கதை. என்னிடம் இருந்தது ஒரே பிரதி.

இதை உங்களிடம் நான் சொன்னதில்லை, உண்மைதான். பெண் பார்க்க வந்த அன்று "நான் படம் வரைவேன்" என்றேன். நீங்கள் "ம்" என்றீர்கள். அதற்கு மேல் யார் சொல்வார்கள்?

இந்த நாட்டில் சித்திரக்கதைக்கென்று அருங்காட்சியகங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. எங்காவது ஒரு பிரதி இருக்கும். அதைக் கண்ணால் பார்க்காமல் வீட்டுக்கு வருவதாக இல்லை.

நோபுயோ


மாட்சுமொட்டோ
ஏப்ரல் 19

நோபுயோவுக்கு,

மலைகளில் பனி உருகி, செர்ரி மலர்கள் இதழ் விரிக்கும் இவ்வேளையில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். 14ஆம் தேதியிட்ட தங்கள் கடிதம் கிடைத்தது.

மேற்படி விஷயத்தில் நான் எடுத்த நடவடிக்கை பின்வருமாறு. பேப்பர் வண்டியின் ஒலிபெருக்கி கேட்ட திசையில் சைக்கிளில் சென்று, கோயில் பின்புறத் தெருவில் அதை மடக்கினேன். ஓட்டுநர் நல்ல மாதிரி. ஆனால் அவர் சொன்னது சாதகமாக இல்லை.

"பெரியவரே, அது அன்னிக்கே மில்லுக்குப் போயிடுச்சு. இந்நேரம் கூழாகி, சுருளாகி, யார் வீட்டுலயோ தொங்கிட்டிருக்கும்."

இதைக் கேட்டபின் அந்த இரண்டு கட்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை. கடையில் வேறு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் வெந்நீர்க் கருவி பழுது. ஆகவே முனையிலுள்ள கமேனோயு பொதுக் குளியல்கூடத்துக்குப் போய்வருகிறேன். நேற்று தொட்டியில் அமர்ந்திருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில், அடுத்த வீட்டு யசுகோ-சானின் குரல் கேட்டது. சுவர் கூரை வரை போகவில்லை என்பதை அந்த அம்மாள் என்றைக்குமே நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

"மினெமுரா வீட்டம்மா கிளம்பிப் போயிட்டாங்க, தெரியுமா?"

"ஐயோ! எதுக்கு? அந்த ஆளுக்கு வேற சகவாசமா?"

"அந்த மனுஷனுக்கா? நீ வேற. டாய்லெட் பேப்பருக்காக!"

ஆண்கள் பகுதியில் தண்ணீர் மொள்ளும் சத்தம்கூட நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாய்க்கடை ஓமொரி மெல்ல நகர்ந்து வந்து, "எத்தனை கட்டு?" என்று கேட்டார். "ரெண்டு" என்றேன். "பேரம் படிஞ்சிருக்கு" என்றார். அவர் ஒருவர்தான் என் பக்கம்.

எனக்கு எழுத வராது. இது இரண்டாவது தாள் என்பதைக் கவனிக்கவும்.

மினெமுரா கென்சாகு


கியோட்டோ
ஏப்ரல் 27

கென்சாகு அவர்களுக்கு,

செர்ரி மலர் இதழ் விரிக்கும் வேளையா? என்ன இது, குழாய் வரி பாக்கிக்கு வந்த நோட்டீஸா? தமாயேவிடம் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. "அக்கா, அத்தான் கையெழுத்துக்குக் கீழ முத்திரை குத்தலையா?" என்கிறாள். ஆனால் யசுகோ-சான் பகுதி நன்றாக இருந்தது. அதில் நகராட்சி வாடை இல்லை.

இங்கே ஒரு பழைய பள்ளிக்கூடத்தையே சித்திரக்கதை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். நடந்தால் மரத்தரை கிறீச்சிடும். வராந்தா முழுக்கப் புத்தக அலமாரி. விளையாட்டுத் திடல் புல்லில் மல்லாந்து படுத்துப் படிக்கலாம். ஒரு பெஞ்சில் என் வயதுக்காரிகள் இரண்டு பேர், நாற்பது வருடத்துக்கு முந்தைய கதாநாயகி டாக்டரைக் கட்டியிருக்க வேண்டுமா, பியானோக்காரனைக் கட்டியிருக்க வேண்டுமா என்று குரலை உயர்த்திச் சண்டை. போகிற போக்கில் "பியானோக்காரன்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். டாக்டர் கட்சிக்காரி இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

பழைய இதழ்களைக் கேட்டால் கிடங்கிலிருந்து எடுத்துத் தருகிறார்கள். 'பனிப்பூ' 1977 புத்தாண்டு மலர் வந்தது! அட்டையில் அதே சிவப்புக் கிமோனோ பெண். பிரித்தால் இணைப்பு இல்லை.

நூலகப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இணைப்பு பெரும்பாலும் இருக்காதும்மா. குழந்தைங்க முதல்ல உருவுறதே அதைத்தானே? இதழைப் பத்திரமா வைப்பாங்க, இணைப்பை ஸ்கூலுக்குக் கொண்டுபோயிடுவாங்க" என்றாள்.

சரிதான். நானே சிறுமியாக இருந்தபோது எத்தனை இணைப்புகளைக் கடன் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன். அடுத்து ஹிரோஷிமா, பிறகு கியூஷு. அங்கும் இப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் தரையில் கோலை ஊன்றி, அதன் மேல் காதை வைத்து, மண்ணுக்கு அடியில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கிற ஆள். மாகாணத்திலேயே அப்படி ஒரு காது இல்லை என்று பாராட்டிதழ் கொடுத்தார்கள். அந்தக் காது வீட்டுக்கு வந்ததும் எங்கே போகும்? வெந்நீர்க் கருவியை ஏன் இன்னும் சரி செய்யவில்லை? குழாய்க்காரர் வீட்டிலேயே தண்ணீர்த் தகராறா?

நோபுயோ


மாட்சுமொட்டோ
மே 6

நோபுயோவுக்கு,

பருவநிலை பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. மழை பெய்கிறது, அவ்வளவுதான்.

நீ அலையும் இடங்கள் எப்படித்தான் இருக்கின்றன என்று பார்க்க டோக்கியோ போயிருந்தேன். அங்கே கார்ட்டூன் படங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம். எடுத்த எடுப்பிலேயே வம்பில் மாட்டிக்கொண்டேன். ஒரு சின்ன அறை, உள்ளே மைக், எதிரே திரை. திரையில் ஓடும் கார்ட்டூனுக்கு நாம் குரல் கொடுக்கலாம். ஏதோ கண்காட்சி என்று நினைத்து உள்ளே நுழைந்துவிட்டேன். பின்னால் சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பெண்கள் ஒரு கூட்டம். வெளியே வர வழியில்லை.

எனக்குக் கொடுத்த பாத்திரம், பனியில் வழி தவறிய நரிக்குட்டி. சொல்ல வேண்டிய வசனம், "அம்மா, நான் இங்கே இருக்கேன்!" சொன்னேன். திரையில் நரி வாயைத் திறந்து மூடியது. சத்தமே வரவில்லை.

பின்னாலிருந்து ஒருத்தி, "தாத்தா, மைக்குக்குக் கேக்கல!"

இன்னொருத்தி, "இப்படிக் கூப்பிட்டா அம்மா எப்படி வருவாங்க? நரி அங்கேயே விறைச்சுப் போயிடும்!"

இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை எனக்கே கோபம் வந்து கத்திவிட்டேன். "அம்மா! நான் இங்கே இருக்கேன்!" நரியின் தாய் ஓடிவந்து குட்டியை நக்கியது. பெண்கள் கை தட்டினார்கள். இந்த வயதில் என் வாயிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. தொண்டை இரண்டு நாள் வலித்தது.

அங்குள்ள நூலக அறையில் ஒரு சித்திரக்கதைப் புத்தகமும் படித்தேன். தடிமனான புத்தகம். கால் மணி நேரத்தில் முடித்து மேசையில் வைத்தேன். அங்கிருந்த அம்மாள், "அதுக்குள்ளயா? படம் பார்த்தீங்களா?" என்றார். "எழுத்து முழுக்கப் படிச்சிட்டேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை வைத்து, அது சரியான முறை இல்லை என்று தெரிந்துகொண்டேன். எது சரியான முறை என்று நீ எழுதினால் நல்லது.

அந்த அம்மாளிடமிருந்து வேறு சில விவரங்களும் கிடைத்தன. உறுதியானபின் தெரிவிக்கப்படும்.

காது பற்றிக் கேட்டிருந்தாய். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கென்சாகு


கியோட்டோ
மே 13

நரிக்குட்டிக்கு,

கடிதத்தை ரயிலில் படித்தேன். எதிர் சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டி "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தேன்.

எழுத்தை மட்டும் படித்தீர்களா? சாப்பாட்டுக் கடையில் விலைப்பட்டியலைப் படித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன், கேளுங்கள். ஒரு பக்கத்தைத் திறந்ததும் முதலில் முழுதாகப் பாருங்கள். எந்தக் கட்டம் பெரியது, எது சின்னது என்று பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போங்கள். முக்கியமானது இது: எழுத்தே இல்லாத கட்டம் வந்தால் நில்லுங்கள். ஒரு கை, ஒரு ஜன்னல், ஒரு செருப்பு, ஏதாவது ஒன்றுதான் இருக்கும். வரைந்தவர் அதிகம் பாடுபட்டது அந்தக் கட்டத்துக்குத்தான். அவசரமாகத் தாண்டினால் கதையே போய்விடும்.

ஹிரோஷிமாவில் இல்லை. கியூஷுவில் அந்த இதழே இல்லை, ஆனால் அங்கே நாள் முழுக்கச் சுகமாகப் படித்தேன். பெரிய பெரிய ஓவியர்களின் மூலப் பக்கங்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். வெள்ளை மை பூசித் திருத்திய தடம், ஒட்டிய துண்டுத் தாள், எல்லாம் தெரிகிறது. அவர்களும் தப்புப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலும்.

இனித் தேடப்போவதில்லை. ஒரு பள்ளிக்கூடச் சிறுமி கிழித்துப்போடுகிற மெல்லிய புத்தகம். அது மிஞ்சியிருந்தால்தான் ஆச்சரியம். அது போனதுகூட எனக்குப் பெரிய துக்கமில்லை, இப்போது யோசித்தால். அப்படி ஒன்று இருந்தது என்று தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான். அதுதான் வலிக்கிறது. நீங்கள் அதைப் படித்துவிட்டு "நல்லா இல்லை" என்று சொல்லித் தூக்கிப் போட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வருவது பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. வந்தால் அதே "ம்"தானே?

நோபுயோ


நோட்டோ, கடலோரச் சத்திரம்
மே 18

நோபுயோவுக்கு,

ஒரு வேலையாக வெளியூர் வந்திருக்கிறேன். சில நாள் ஆகும். இங்கே மீன் நன்றாக இருக்கிறது. எழுத்தில்லாத கட்டத்தில் நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பதிலை இந்த முகவரிக்கு எழுது.

கென்சாகு


மாட்சுமொட்டோ
மே 23

என்னங்க,

மேலே ஊர் பெயரைப் பார்த்தீர்களா? நான் வீட்டில் இருக்கிறேன். நீங்கள் இல்லை!

சொல்லாமல் வந்து உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று பதினேழாம் தேதி வந்து கதவைத் திறந்தால் ஈ காக்கை இல்லை. உங்கள் கடிதம் கியோட்டோ போய், தமாயே அதை இங்கே திருப்பி அனுப்பி, நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதுவரை எனக்கு எப்படி இருந்திருக்கும்? யசுகோ-சான் வேறு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஆறுதல் சொல்கிறாள்.

"கவலைப்படாதீங்க நோபுயோ-சான். பெட்டியோட ஸ்டேஷனுக்குப் போனாரு. சிரிச்ச முகமா இருந்தாரு."

"சிரிச்ச முகமா? அவரா?"

"அதான் எனக்கும் பயமா இருந்துச்சு."

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். வரவேற்பறையில் சுருள்படம் தொங்குகிற மாடத்தில், என் நல்ல பட்டு மெத்தையை விரித்து, அதன் மேல் இரண்டு கட்டு டாய்லெட் பேப்பர்! எதிரே ஒரு சின்னக் குவளையில் பூ. பூ வாடியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு பூவை மாற்றினேன்.

அதற்குப் பிறகு வெந்நீர்க் கருவியைப் போட்டுப் பார்த்தேன். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வருகிறது! எங்கே பழுது? ஒரு மாதமாக என்னிடம் பொய் சொல்லிவிட்டு, காசு கொடுத்துக் குளியல்கூடத்துக்குப் போயிருக்கிறீர்கள். எதற்கு? முப்பத்தாறு வருடத்தில் நீங்கள் என்னிடம் சொன்ன முதல் பொய் இதுதான் என்று நினைக்கிறேன். காரணம் தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நோட்டோவில் என்ன வேலை? மீன் மட்டும் என்று சொல்லாதீர்கள்.

நோபுயோ


நோட்டோ
மே 27

நோபுயோவுக்கு,

கிடைத்துவிட்டது.

உட்கார்ந்துகொண்டு படி. ஒழுங்காக முதலிலிருந்து எழுதுகிறேன். டோக்கியோ நூலகத்து அம்மாள் சொன்ன விவரம் இதுதான்: இந்த ஊரில் ஒரு முடிதிருத்தகக்காரர் இருந்தார். கடைக்கு வரும் குழந்தைகளுக்காக வாங்கியவை, குழந்தைகள் விட்டுப்போனவை என்று இணைப்புகளை மட்டும் சேர்த்து வைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு வீட்டார் அதை இங்குள்ள அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அருங்காட்சியகம் என்றால் பழைய மீன் கிடங்கு. மழை பெய்தால் சித்திரக்கதையில் மத்தி மீன் வாசனை அடிக்கும். பெட்டிகள் மலை போல் கிடந்தன, பிரித்துப் பார்க்க ஆளில்லை. பொறுப்பாளர் இகுஷிமா என்ற பெண். சின்ன வயது, பெரிய தொண்டை.

"சம்பளம் தர முடியாது, சார்" என்றாள்.

"வேண்டாம்."

"உங்களுக்கு யாரோட கதை பிடிக்கும்?"

"மினாசே ரூரி" என்றேன்.

"கேள்விப்பட்டதே இல்லையே!"

"கேள்விப்படுவீங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னபின் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. அட்டையில் ஒரு மூலை கிழிந்திருக்கிறது, பின்பக்கம் யாரோ ஒரு குழந்தை பூனை வரைந்திருக்கிறது. மற்றபடி முழுசு. வெளியே படகுத்துறைப் படியில் உட்கார்ந்து படித்தேன். நீ சொன்ன மாதிரியே படித்தேன். ஒரு மதியம் முழுக்க ஆனது.

கதாநாயகி, குளியல்கூடச் சுவர்களில் புஜி மலை வரைகிறவரின் மகள். அப்பாவுக்குக் கை ஒடிந்துவிட, அவள் ஏணியில் ஏறுகிறாள். ஆண்கள் பகுதியில் அப்பா ஏற்கெனவே புஜி வரைந்து முடித்துவிட்டார். பெண்கள் பகுதி இவள் பொறுப்பு. ஆண்கள் பக்கம் தொட்டி கழுவுகிற பையன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சுக் கொடுக்கிறான். ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. அவள் ஏணியிலிருந்து இறங்கிச் சுவரில் காதை வைத்துக் கேட்கிற கட்டம் ஒன்று. அதில் எழுத்தே இல்லை. அங்கே ரொம்ப நேரம் நின்றேன். நோபுயோ, நான் குழாயில் காது வைத்துக் கேட்கும்போது என் முகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். என்னைப் பார்ப்பதற்கு முன்பே அதை வரைந்திருக்கிறாய்.

அவன் அடுத்த வாரம் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறான். கடைசி நாள். "நீ என்ன வரைஞ்சே? சொல்லு!" என்று சுவருக்கு மேலாகக் கத்துகிறான். அவள் வாயைத் திறக்கிறாள். கீழே பார்த்தால், 'விடை பிப்ரவரி இதழில்' என்று போட்டிருக்கிறது!

பிப்ரவரி இணைப்புக்காக மிச்சப் பெட்டி எல்லாவற்றையும் கவிழ்த்தேன். இகுஷிமா ஓடிவந்து, "சார், சார்! அந்தப் பத்திரிகை ஜனவரியோட நின்னுபோச்சு. பிப்ரவரி இதழே வரல" என்றாள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் கதையை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சுவரில் என்ன வரைந்தாள்? என்னால் ஊகிக்க முடிந்தது புஜி மலை ஒன்றுதான். அது இல்லை என்று மட்டும் தெரிகிறது. மூன்று நாளாக வேறு எதையும் நினைக்க முடியவில்லை. சாப்பிடும்போதும் அதுதான். சொல்.

புத்தகத்தை வெளியே தர மாட்டார்கள். நீ வந்தால் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போவதாக இகுஷிமா சொல்கிறாள்.

வெந்நீர்க் கருவி பழுதில்லை. நீ போனபின் வீட்டில் சத்தமே இல்லை. நாம் கல்யாணமான புதிதில், வீட்டில் குளியலறை இல்லாதபோது, கமேனோயுவில் நீ சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "என்னங்க, கிளம்பலாமா?" என்று கூப்பிடுவாய். அங்கே போய் உட்கார்ந்தால் யசுகோ-சானின் குரலாவது கேட்கும். அவளிடம் நீ போனில் பேசுவாய் என்று தெரியும். நீ நன்றாகச் சாப்பிடுகிறாய், ஹிரோஷிமா போனாய் என்பதெல்லாம் அந்தச் சுவர் வழியாகத்தான் எனக்கு முதலில் தெரிந்தது. காது எங்கே போனது என்று கேட்டாயே, அங்கேதான் இருந்தது.

நீ அன்று கூப்பிட்டபோதெல்லாம் நான் பதிலுக்கு "ம்" என்றுதான் சொல்வேன். அது உனக்குக் கேட்டிருக்காது.

கென்சாகு


மாட்சுமொட்டோ
ஜூன் 1

என்னங்க,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். எழுத்தில்லாத இடங்களிலும் நின்று நின்று படித்தேன்.

பத்திரிகை நின்றுபோன சேதி எனக்கு ஒரு போஸ்ட் கார்டில் வந்தது. இரண்டாம் பாகம் பென்சிலில் பாதி வரைந்து மேசையில் இருந்தது. அடுத்த வருடம் நீங்கள் பெண் பார்க்க வந்தீர்கள். அவள் என்ன வரைந்தாள் என்று இன்றுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. ஒருவர்கூட. நீங்கள்தான் முதல் ஆள். அதுவும் தரையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள்.

பதில் எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தேழு வருடமாகத் தெரியும். ஆனால் கடிதத்தில் எழுத மாட்டேன். சனிக்கிழமை ஊருக்கு வாருங்கள். பெட்டியை வைத்துவிட்டு, துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு நேராகக் கமேனோயுவுக்குப் போங்கள். ஆறு மணிக்கு நான் பெண்கள் பகுதியில் இருப்பேன். அந்தப் பையன் கேட்ட மாதிரியே சுவருக்கு மேலாகக் கேளுங்கள். நரிக்குட்டிக்குக் கொடுத்த குரலில் கேட்க வேண்டும். "ம்" என்று வந்தால் நான் பாட்டுக்குத் தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

மாடத்திலிருந்து ஒரு சுருளை எடுத்துக் கழிவறையில் மாட்டிவிட்டேன். நல்ல மெத்தென்ற பேப்பர். பேரம் படிந்துதான் இருக்கிறது.

நோபுயோ


மாட்சுமொட்டோ
ஜூன் 8

மதிப்பிற்குரிய ஓவியர் மினாசே ரூரி அவர்களுக்கு,

நான் இந்த ஊரில் வசிக்கும் ஓய்வு பெற்ற குடிநீர் வாரிய ஊழியன். வாசகர் கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை. பத்திரிகை நின்றுவிட்டதால் இதை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. ஆகவே எங்கள் வீட்டுத் தபால் பெட்டியிலேயே போடுகிறேன்.

தங்கள் கதையின் முடிவை நேற்று மாலை ஆறு மணிக்கு, கழுத்தளவு வெந்நீரில் இருந்தபடி கேட்டேன். முதலில் நான் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பாய்க்கடை ஓமொரி "என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார். எழுந்து நின்றேன். "அவ சுவத்துல என்ன வரைஞ்சா? சொல்லு!" என்று கத்தினேன். கூரையில் பட்டு எதிரொலித்தது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"புஜி மலை உச்சியில நின்னு பார்த்தா என்ன தெரியும்? அதைத்தான் வரைஞ்சா! கீழே நம்ம ஊர், நம்ம தெரு, இந்தக் குளியல்கூடத்துப் புகைபோக்கி! குளிக்கிற பேசினைத் தூக்கிட்டு நடந்து வர்ற ஜனங்க எல்லாரும் இருக்காங்க!"

எனக்கு உடனே புரியவில்லை, நான் மெதுவான ஆள். பிறகு எங்கள் பக்கச் சுவரில் இருக்கும் புஜியைப் பார்த்தேன். இந்தப் பக்கம் பையன் பார்ப்பது மலையை. அந்தப் பக்கம் அவள் வரைந்தது மலை பார்க்கும் ஊரை. நடுவில் ஒரு சுவர். அவன் எந்த ஊருக்குப் போனாலும், எந்தக் குளியல்கூடத்தில் புஜியைப் பார்த்தாலும், அது அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதை ஓமொரியிடம் விளக்கினேன். என் குரல் சரியாக இல்லை. அவர், "அப்ப பொம்பளைங்க பக்கம் புஜியே இல்லையா? பாதிக் காசுதான் வாங்கணும்" என்றார். அவர் கண்ணும் சரியாக இல்லை, ஆவி பட்டதாகச் சொன்னார்.

அந்தப் பக்கம் யசுகோ-சான் எல்லோருக்கும் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பாதி தப்பு. கொஞ்ச நேரம் கழித்து, அந்தச் சத்தத்துக்கு மேலே, "என்னங்க, கிளம்பலாமா?" என்று ஒரு குரல் கேட்டது.

"கிளம்பலாம்!" என்று நான் கத்தியது தெருவுக்குக் கேட்டிருக்கும்.

கதை மிக நன்றாக இருந்தது. இரண்டாம் பாகத்தைத் தாங்கள் வரைந்தால் பக்கத்திலேயே மாட்டுவதாக நோட்டோ அருங்காட்சியகத்தின் இகுஷிமா சொல்கிறாள். தெற்கு ஜன்னல் ஓரத்து மேசையிலிருந்த என் தூண்டில் சாமான்களை எல்லாம் எடுத்துவிட்டேன். அலமாரியிலும் நிறைய இடம் இருக்கிறது, காரணம் தங்களுக்குத் தெரியும்.

ஒரு வேண்டுகோள். தங்கள் கையெழுத்து ஒன்று வேண்டும். நேரில் வந்து வாங்கிக்கொள்ளத் தயார். அடுத்த அறையில்தான் இருக்கிறேன்.

தங்கள் முதல் வாசகன்,
மினெமுரா கென்சாகு